கடலில் இறங்க முடியாத கடற்பறவை

ஊர் ஏரியில் நீர்க்காகத்தைப் பார்த்திருப்பீர்கள். முங்கி முங்கி மீன் பிடித்துவிட்டு, தண்ணீருக்கு நடுவே நிற்கும் பட்ட கருவேல மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு இரண்டு சிறகையும் கொடியில் துணி காயப்போட்டதுபோல விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதே ஏரியில் மிதக்கும் வாத்துக்கு இந்த வேலையே கிடையாது. வாத்தின் முதுகில் விழும் தண்ணீர், சேம்பு இலையில் விழுந்த மழைத்துளி மாதிரி உருண்டு ஓடிவிடும்.

வித்தியாசம் இறகில் இருக்கிறது. பெரும்பாலான பறவைகளுக்கு வால் தொடங்கும் இடத்தில், முதுகுப் பக்கமாக, ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி உண்டு. வீட்டில் கோழி அறுத்துச் சுத்தம் செய்தவர்களுக்கு இது தெரியும். நாற்றம் வரும் என்று அதை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுவார்கள். பறவை அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. எண்ணெயும் இறகின் நெருக்கமான பின்னலும் சேர்ந்து தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கின்றன. நீர்க்காகத்தின் வெளி இறகுகளோ தண்ணீரை ஓரளவு உள்ளே விடும்படி அமைந்தவை. நனைந்த உடம்பு எளிதாக மூழ்கும். மீன் பிடிக்க அது வசதி. ஆனால் ஒவ்வொரு முறையும் கரையேறிக் காய வேண்டும்.

இந்த நீர்க்காகத்துக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று கடலில் இருக்கிறது. நீர்க்காகம், பாம்புத்தாரா, கடலில் வாழும் பூபி, அப்புறம் இது, எல்லாம் பறவையியலார் கணக்கில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அதன் எண்ணெய்ச் சுரப்பி மிகச் சிறியது, உடம்பு முழுக்கப் பூச அந்த எண்ணெய் போதாது. கடலில் உட்கார்ந்தால் இறகு ஊறிவிடும். ஊறிய பிறகு எழுந்து பறக்க முடியாது, ஏனென்றால் சிறகு மிக நீளம், கால் மிகச் சிறியது, தண்ணீரை உதைத்துத் தள்ளும் அளவுக்கு விரலிடைச் சவ்வும் கிடையாது. ஆக, அலையில் விழுந்தால் பெரும்பாலும் சாவுதான். இப்படிப்பட்ட பறவை வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலுக்கு மேலேதான் கழிக்கிறது, கடலில் இருந்துதான் சாப்பிடுகிறது.

அதன் பெயர் ஃபிரிகேட் பறவை. அது பறக்கும் விதம், தூங்கும் விதம், திருடும் பழக்கம், பிள்ளை வளர்க்கும் பாடு என்று எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்: தண்ணீரில் உட்கார முடியாது.

பெயரும் உருவமும்

ஃபிரிகேட் என்பது பாய்மரக் காலத்தில் வேகமான போர்க்கப்பலுக்குப் பெயர். மற்ற பறவைகளைத் துரத்திப் பிடுங்குவதைப் பார்த்த மாலுமிகள் வைத்த பெயர் இது. தமிழில் சிலர் கடற்கூழைக்கடா என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1789இல் க்மெலின் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் இவற்றில் ஓர் இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, இதையும் கூழைக்கடாக் கூட்டத்தில்தான் சேர்த்தார். கூழைக்கடாவோடு ஒப்பிட்டால் இது சிறியது, அதனால் ‘சிறிய’ என்ற பொருளில் மைனர் என்று பெயரிட்டார். பின்னால் இதைத் தனிக் குடும்பமாகப் பிரித்தபோது பெயரின் அந்தப் பாதி அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது ‘பெரிய ஃபிரிகேட் பறவை’ என்று எல்லோரும் அழைக்கும் இனத்தின் அறிவியல் பெயர் ஃபிரகேட்டா மைனர், அதாவது சின்னது!

மொத்தம் ஐந்து இனங்கள் உண்டு. பெரிய ஃபிரிகேட் பறவையும் சிறிய ஃபிரிகேட் பறவையும் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பரவலாக இருக்கின்றன. ‘மேக்னிஃபிசென்ட்’ என்ற அடைமொழி கொண்ட இனம் அமெரிக்கக் கண்டங்களின் இரு பக்கக் கடலிலும் கரீபியனிலும் இருக்கிறது. மீதி இரண்டும் ஆளுக்கொரு தீவை நம்பியவை: ஒன்று ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவில் மட்டும், மற்றொன்று தென் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் மட்டும் கூடு கட்டுகிறது.

தூரத்தில் இருந்து பார்க்கும்போது ஒரு ஃபிரிகேட் பறவையை வேறெதுவோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கறுப்பான உடம்பு, நடுவில் மடங்கிக் கூரிய முனையில் முடியும் நீண்ட சிறகு, கத்தரிக்கோல் மாதிரி பிளந்த வால், நுனியில் கொக்கிபோல வளைந்த அலகு. வாலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே திசை திருப்பும். ஆணுக்குத் தொண்டையில் சிவப்புப் பை. பெண்ணுக்குப் பை கிடையாது, மார்பு வெள்ளை. இளம் பறவைகளுக்குத் தலையும் வெள்ளையாகவோ வெளிறிய பழுப்பாகவோ இருக்கும். பெண்தான் ஆணைவிடப் பெரியது. இனம் பிரித்துச் சொல்வது மட்டும் அனுபவசாலிகளுக்கே தலைவலி. கண்ணைச் சுற்றிய வளையம் சிவப்பா நீலமா, சிறகின் அடியில் வெள்ளைத் திட்டு எங்கே இருக்கிறது என்று நுணுக்கிப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நாட்டுக்கோழி எடை, கட்டில் நீளச் சிறகு

பெரிய ஃபிரிகேட் பறவை சிறகை விரித்தால் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை 2 மீட்டரைத் தாண்டும், 2.3 மீட்டர் வரைகூடப் போகும். ஒரு கட்டிலின் நீளத்துக்குக் குறையாது. எடையோ ஒன்றில் இருந்து ஒன்றே முக்கால் கிலோ, வீட்டில் வளரும் நாட்டுக்கோழி அளவுதான். எலும்புக்கூடு மொத்தமும் சேர்த்து உடல் எடையில் ஐந்து சதவீத அளவுக்குத்தான் வரும், இறகுகளின் எடைகூட அதைவிட அதிகம். ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு சிறகுப் பரப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டால் பறவைகளிலேயே இதற்குத்தான் முதலிடம்.

இந்தக் கணக்கு எதற்கு? பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாள், மெல்லிய ஈர்க்குச்சி என்றால் லேசான காற்றுக்கே மேலே ஏறும். ஃபிரிகேட் பறவையும் அப்படித்தான். சிறகடிக்க அது பெரிதாக மெனக்கெடுவதே இல்லை, காற்றைத்தான் தேடுகிறது.

ஊரில் முற்பகல் வெயில் ஏறிய பிறகு பருந்து வட்டமடிப்பதைப் பாருங்கள். சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போகும். தரை சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி மேலே எழுகிறது. அந்த ஏறுகாற்றுத் தூணுக்குள் நுழைந்துகொண்டால் பருந்துக்கு ஓசிப் பயணம். மாலையில் தரை குளிர்ந்ததும் தூண் கலைந்துவிடும், பருந்தும் மரத்துக்கு வந்துவிடும்.

கடலுக்கு மேல் இப்படி ஏறுகாற்று கிடைக்குமா? எல்லாக் கடலிலும் கிடைக்காது. பள்ளிப் புவியியலில் படித்த வியாபாரக் காற்று வீசும் வெப்பமண்டலக் கடல்களில் கிடைக்கும். அங்கே சற்றுக் குளிர்ந்த காற்று, வெதுவெதுப்பான கடல்பரப்பின் மேல் தொடர்ந்து வீசிக்கொண்டிருக்கிறது. அடியில் சூடேறி, அங்கங்கே தூண் தூணாக மேலே எழுகிறது. கடல்நீர் தரை மாதிரி ராத்திரியில் சட்டென்று குளிர்ந்துவிடாது. அதனால் இந்தத் தூண்கள் இரவும் பகலும் நிற்கின்றன. பருந்துக்கு மாலையோடு முடியும் ஓசிப் பயணம் ஃபிரிகேட் பறவைக்கு முடிவதே இல்லை. இந்தப் பறவைகள் ஏன் வெப்பமண்டலத்தை விட்டு வெளியே போவதில்லை என்பதற்கும் இதிலேயே பெரும்பங்கு விடை இருக்கிறது.

2016இல் ஆன்றி வைமர்ஸ்கிர்க் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. மடகாஸ்கருக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவே யூரோப்பா என்று ஒரு சிறு தீவு. அங்கே கூடு கட்டும் பெரிய ஃபிரிகேட் பறவைகளின் உடலில் இருப்பிடத்தையும் உயரத்தையும் இதயத் துடிப்பையும் பதியும் கருவிகளைப் பொருத்தி விட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்றே இல்லாத அமைதி மண்டலம் ஒன்று உண்டு. பறவைகள் அதற்குள் போகாமல், அதன் விளிம்பைச் சுற்றியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்தன. விளிம்பில் காற்றும் உண்டு, பஞ்சுப் பொதி மாதிரி எழும் திரள் மேகங்களும் உண்டு. அந்த மேகங்களுக்கு அடியில் ஏறுகாற்று பலமாக இருக்கும். ஒரு மேகத்தடியில் ஏறுவது, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி அடுத்த மேகத்துக்குப் போவது, மறுபடியும் ஏறுவது. நாள் முழுக்க இதுதான் வேலை.

சில சமயம் மேகத்துக்கு அடியில் நிற்காமல் உள்ளேயே நுழைந்துவிடும். விமானிகள் ஒதுங்கிப் போகும் அந்தக் கொந்தளிப்பில் ஏறி 4,000 மீட்டர் உயரம் வரை போன பறவைகள் உண்டு. அங்கே குளிர் நீர் உறையும் அளவு. வெப்பத்தீவில் பிறந்து, அதற்கேற்ற இறகோடு இருக்கும் பறவைக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அவ்வளவு உயரம் போய்விட்டால் சிறகே அடிக்காமல் பல பத்துக் கிலோமீட்டர் சறுக்கி வரலாம். இளம் பறவை ஒன்று இப்படி இரண்டு மாதத்துக்கும் மேலாக எங்கேயும் தரை இறங்காமல் பறந்திருந்தது.

தூக்கம் எங்கே?

இரண்டு மாதம் இறங்கவில்லை என்றதும் யாரும் கேட்கும் கேள்வி இது. மற்ற கடற்பறவைகள் அலைமேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே தூங்கிவிடும். இதற்கு அந்த வழி இல்லை. அப்படியானால் பறந்துகொண்டே தூங்குகிறது என்று நெடுநாளாக ஊகம் இருந்தது, நிரூபணம்தான் இல்லை. தூக்கத்தை வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது, மூளையின் மின்னலைகளைப் பதிந்தால்தான் தெரியும்.

நீல்ஸ் ராட்டன்போர்க் என்ற ஆய்வாளரின் குழு அதைச் செய்தது. கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் ஜெனோவேசா என்ற தீவில், கூட்டில் குஞ்சு வைத்திருந்த 15 பெண் பறவைகளின் தலையில் சிறிய மூளையலைப் பதிவுக் கருவியைப் பொருத்தினார்கள். பறவைகள் இரை தேடிக் கடலுக்குப் போயின. சில பத்து நாள் வரை நிற்காமல் பறந்து, 3,000 கிலோமீட்டர் சுற்றித் திரும்பின. கருவியைக் கழற்றிப் பார்த்தால், ஊகம் சரிதான், தூங்கியிருக்கின்றன. ஆனால் எவ்வளவு? ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடம்! அதுவும் ஒரே மூச்சில் இல்லை, சில சில நொடிகளாக. பெரும்பாலும் இருட்டிய பிறகு, ஏறுகாற்றில் வட்டமடித்து மேலே போகும்போது மட்டும். கீழே சறுக்கி இறங்கும்போது தூக்கம் மிக அரிது. தண்ணீரை நோக்கி இறங்கும்போது கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாதா!

பாதி மூளை மட்டும் தூங்குவதும் உண்டு. அப்போது வட்டமடிக்கும் பக்கத்தைப் பார்த்த கண்ணுக்கான பாதி விழித்திருக்கும். கூடவே சுற்றும் வேறு பறவையோடு மோதிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். முழு மூளையும் ஒன்றாகத் தூங்கிய நொடிகளும் பதிவாகியிருந்தன, அப்போதும் பறவை நிலை தவறவில்லை. கூட்டுக்குத் திரும்பிய அதே பறவைகள் நாளைக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம் தூங்கின. வெளியூர் வேலைக்குப் போய் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் பறந்தும் ஏன் பத்து நாளுக்கு இவ்வளவு குறைந்த தூக்கம் போதுகிறது என்பதுதான் தூக்கத்தை ஆராய்பவர்களைக் குடைகிற கேள்வி.

சாப்பாடும் கொள்ளையும்

1492 செப்டம்பர் 29. கொலம்பஸின் கப்பல்கள் அட்லாண்டிக் நடுவில் இருக்கின்றன. அன்றைய கப்பல் குறிப்பில், பிளந்த வால் கொண்ட ஒரு பறவையைப் பார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. அது பூபிகளைத் துரத்தி, அவை விழுங்கியதைக் கக்கவைத்து அதையே தின்கிறது, வேறெதுவும் தின்பதில்லை. கடற்பறவைதான், ஆனால் கடலில் உட்காராது. கரையை விட்டு 20 லீக் தூரத்துக்கு மேல் போகாது என்று அந்தக் குறிப்பு போகிறது. 20 லீக் என்பது நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடலில் உட்காராது என்பதை அந்த மாலுமிகள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் தப்பு. கரையில் இருந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

கொள்ளைக்காரன் என்ற பெயர் இன்றைக்கும் போகவில்லை. காட்சி உண்மைதான். பகல் முழுக்க மீன் பிடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு மாலையில் தீவுக்குத் திரும்பும் பூபியை ஒன்றிரண்டு ஃபிரிகேட் பறவைகள் மேலே இருந்து மறிக்கும். வாலைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கும். பாரம் குறைந்தால்தான் தப்ப முடியும் என்று பூபி மீனைக் கக்கிவிடும். அந்த மீன் தண்ணீரைத் தொடுவதற்குள் ஃபிரிகேட் பறவை பாய்ந்து பிடித்துவிடும். இந்த வேலையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறங்குகின்றன.

ஆனால் தென் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் உட்கார்ந்து கணக்கெடுத்தவர்கள், பறித்துத் தின்பது மொத்தச் சாப்பாட்டில் சராசரியாக ஐந்து சதவீதம்தான் தேறும் என்று கண்டார்கள். மீதி உழைத்துச் சம்பாதித்தது. தீவுக்கு அருகில் நடப்பதால் கொள்ளை மனிதர் கண்ணில் படுகிறது; நடுக்கடல் உழைப்பைப் பார்க்க யாரும் அங்கே இல்லை.

அந்த உழைப்பு எப்படி? முக்கிய இரை பறவைக் கோலா, அப்புறம் கணவாய். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர்களுக்குப் பறவைக் கோலாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக ஒரு வரி: பெரிய மீன் துரத்தும்போது தண்ணீரில் இருந்து துள்ளி, அகன்ற துடுப்புகளை விரித்துக் காற்றில் சறுக்கும் மீன். கீழே சூரை மீன் கூட்டமோ ஓங்கில் (டால்பின்) கூட்டமோ கோலாவைத் துரத்தும். தப்பிக்க வெளியே துள்ளும் கோலாவை மேலே காத்திருக்கும் ஃபிரிகேட் பறவை அப்படியே காற்றில் கவ்விக்கொள்ளும். நனைய வேண்டியதில்லை, அலகு மட்டும் பட்டால் போதும். கணவாய் மேல்மட்டத்துக்கு வரும்போதும் இதே கதை. தண்ணீருக்குள் ஓர் அடி ஆழத்தில் இருக்கும் மீன்கூட அதற்கு எட்டாது. யாராவது கீழே இருந்து மேலே விரட்டிக் கொடுக்க வேண்டும். சூரை மீன் கூட்டங்கள் குறைந்தால் இதன் பாடும் திண்டாட்டம்தான். முட்டை பொரித்துக் கடலை நோக்கி ஓடும் ஆமைக் குஞ்சுகளையும் மணலில் இருந்து அள்ளிப்போகும். அந்தக் காட்சியைப் பார்க்க மனம் கொஞ்சம் கனக்கும்.

குடிப்பதும் குளிப்பதும்கூடப் பறந்தபடியேதான். கலாபகசின் சான் கிறிஸ்டோபல் தீவில் எல் ஹுன்கோ என்று மலைமேல் ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது. ஃபிரிகேட் பறவைகள் கூட்டமாக அங்கே வந்து, தாழப் பறந்து, தண்ணீரை வயிற்றால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே எழுந்து உதறும். உப்பைக் கழுவுகின்றன. ஒரு நொடி கூடுதலாகத் தங்கினால் ஆபத்து என்பதால் குளியல் முழுவதும் இப்படித் தவணை முறையில்.

சிவப்புப் பலூன்

இனி, படங்களில் எல்லோரும் பார்த்த விஷயத்துக்கு வரலாம். இணை சேரும் காலத்தில் ஆண் பறவைகள் தாழ்ந்த புதர்களிலும் மரங்களிலும் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். தொண்டைப் பை மற்ற நாளில் சுருங்கி, ஒரு சிவப்புக் கோடு மாதிரிதான் தெரியும். இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றால் நிரப்பும். இருபது நிமிடம்வரைகூட ஆகும். கடைசியில் திருவிழாக் கடையில் விற்கும் பலூன் அளவுக்குப் புடைத்து, தலையையே பின்னால் தள்ளிவிடும். மேலே ஒரு பெண் பறவை கடந்து போனால் போதும், கீழே இருக்கும் அத்தனை ஆண்களும் சிறகை விரித்து நடுங்கவைத்து, அலகைப் பையின்மேல் தட்டித் தடதடவென்று ஓசை எழுப்பி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். பை அந்தத் தட்டலுக்கு மத்தளம் மாதிரி அதிரும். பெண் மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றின் பக்கத்தில் இறங்கும். தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குத்தான்.

கூடு என்றால் பெரிதாக எதுவுமில்லை, சில குச்சிகள். ஆனால் தீவில் குச்சிக்குத் தட்டுப்பாடு, தரையில் நடந்து பொறுக்கவும் இந்தக் கால் உதவாது. ஆண் பறந்தபடியே குச்சியை ஒடித்தோ தண்ணீர்மேல் மிதப்பதை எடுத்தோ வரும். பக்கத்துக் கூட்டில் ஆள் அசந்தால் அங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும். வாங்கி அடுக்குவது பெண்ணின் வேலை.

முட்டை ஒன்றே ஒன்று. இருவரும் மாறி மாறி அடைகாத்து 55 நாள் போல ஆகும் பொரிக்க. கோழி 21 நாளில் முடிக்கும் வேலை இது! பொரிந்த குஞ்சுக்கு இறகே இருக்காது. முதல் சில வாரம் ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது. பக்கத்து ஃபிரிகேட் பறவைகளே தூக்கிவிடும், கூட்டுக் குச்சியையும் உருவிவிடும். சொந்த இனம் என்ற தயவு தாட்சண்யம் கிடையாது.

குஞ்சு பறக்கத் தொடங்க நான்கில் இருந்து ஆறு மாதம். பறந்துவிட்டால் பெற்றோருக்கு விடுதலை என்றுதான் மற்ற பறவைகளில் இருக்கும். இங்கே கதை அதற்குப் பிறகுதான் நீள்கிறது. பெரிய ஃபிரிகேட் பறவையில் பறக்கப் பழகிய பிள்ளைக்கு மேலும் ஐந்து மாதம், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல்கூடத் தீனி கொடுக்கிறார்கள். பறவை உலகில் இவ்வளவு நீண்ட வளர்ப்பு வேறெதற்கும் இல்லை. ஏன் என்று யோசித்தால் விடை கையில் இருக்கிறது. வேறு கடற்பறவைக் குஞ்சு தப்பு செய்தால் தண்ணீரில் விழும், மிதக்கும், மறுபடி எழும்பும். இது துள்ளும் கோலாவைக் கவ்வும் கணக்கில் ஒரு சாண் பிசகினால் இரண்டாவது வாய்ப்பு இல்லாமல் போகலாம். அதனால் இளசுகள் பழகுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒன்று குச்சியையோ இறகையோ அலகில் எடுத்துக்கொண்டு மேலே போய்க் கீழே போடும், இன்னொன்று பாய்ந்து பிடிக்கும், மூன்றாவது பறிக்கப் பார்க்கும். விளையாட்டுத்தான், ஆனால் பாடமும் அதுவே.

இப்படி ஒரு பிள்ளைக்கே இவ்வளவு காலம் போவதால், பெண் பறவையால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டையிட முடிகிறது. முதல் முட்டையும் எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகுதான். ஆயுள் மட்டும் கெட்டி. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் டெர்ன் தீவில் வளையமிட்டுப் பல பத்தாண்டு கழித்துப் பிடித்த பறவைகளில் 37 வயதைத் தாண்டியவை பத்து இருந்தன, ஒன்றுக்குக் குறைந்தது 44.

தீவுகள்

மெதுவாகப் பெருகும் இனத்துக்குப் பெரிய ஆபத்து கூட்டில்தான் வரும். தென் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் 1815இல் ஆங்கிலேயர் குடியேறியபோது, எலியைப் பிடிக்கப் பூனைகளைக் கொண்டுவந்தார்கள். பூனைகள் பெருகித் தரையில் கூடு கட்டும் பறவைகளை ஒரு கை பார்த்தன. ஃபிரிகேட் பறவைகள் தீவையே கைவிட்டு, கரைக்கு அப்பால் துருத்தி நிற்கும் ஒரு பாறைத்திட்டுக்குள் ஒடுங்கின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவில் இருந்த காட்டுப் பூனைகளை முழுதாக அகற்றினார்கள். 2006இல் பூனையற்ற தீவு என்று அறிவித்தார்கள். பறவைகள் உடனே வரவில்லை. 2012இல் முதல் ஜோடி மீண்டும் பெருந்தீவில் கூடு கட்டியது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாமல் இருந்த இடம். அதன் பிறகு எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறியது. பிழை செய்தவர்கள் திருத்தியும் காட்டிய அரிய கதை.

கிறிஸ்துமஸ் தீவில் பாஸ்பேட் சுரங்கத்துக்காக, இந்தப் பறவைகள் கூடு கட்டும் மரங்களை வெட்டினார்கள். அங்கே மஞ்சள் பைத்திய எறும்பும் வெளியில் இருந்து வந்து, தீவின் புகழ்பெற்ற சிவப்பு நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்று காட்டையே மாற்றியது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவார கிராமங்களில் ஆடுமாடுகளைத் துன்புறுத்தியதும் இதே எறும்புதான்.

கொலம்பஸ் காலத்தில் கேப் வெர்டே தீவுகளில் இந்தப் பறவைகள் நிறைய இருந்ததாக அந்தக் கப்பல் குறிப்பே சொல்கிறது. இன்று அங்கே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டன. மறுபக்கம் கிரிபாட்டி நாட்டின் கொடியைப் பாருங்கள், உதிக்கும் சூரியனுக்கு மேல் பொன்னிறத்தில் பறப்பது ஃபிரிகேட் பறவை. நவூரு தீவில் இதைப் பிடித்துப் பழக்குவது பழைய வழக்கம்.

நம் கரையில் பார்த்தால்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இவை கூடு கட்டுவதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களிலும் புயலுக்குப் பிறகும் எப்போதாவது ஒன்றிரண்டு இந்திய, இலங்கைக் கரைகளுக்குத் தள்ளப்பட்டு வருகின்றன. கடற்கரையில் நின்று பார்க்கும்போது, கரும்பருந்து என்று தோன்றினாலும் வால் ஆழமாகப் பிளந்தும் சிறகு அளவுக்கு மீறி நீளமாகவும் இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். மார்பிலும் வயிற்றிலும் சிறகின் அடியிலும் வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிகிற படமாக இருந்தால், எந்த இனம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

களைத்துப்போய் மணலில் கிடக்கும் பறவை கிடைத்தால் ஒரே ஒரு கவனம். கடற்பறவைதானே, தண்ணீரைக் கண்டால் தெம்பு வந்துவிடும் என்று நல்லெண்ணத்தில் அலையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அலகு கொக்கி, கண்ணைப் பார்த்துக் கொத்தும். ஒரு துண்டைத் தலைமேல் போட்டுத் தூக்கி, காற்றோட்டமுள்ள பெரிய அட்டைப்பெட்டியில் நிழலாக வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தெம்பு வந்த பிறகு அதை விடவேண்டிய இடம் காற்று நன்றாக வீசும் உயரமான மேடு.